என் கைக்கு அளவெடுத்த ஸ்டேரிங்

போன மாதம் மகள் புதுக் கார் எடுத்தாள். ஈப்போவில் கார் விற்கும் கடைக்கு என்னையும் கூட்டிப் போனாள். யோசனை கேட்பதற்கு இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்பதற்காக. அங்கே விற்பனைக்கு நின்ற ஆள் ரொம்ப மரியாதைக்காரர். "ஆன்ட்டி, நீங்களும் ஏறிப் பாருங்க" என்று என்னை ஓட்டுகிற இருக்கையில் உட்கார வைத்தார். ஸ்டேரிங்குக்கு அடியில் கையை விட்டு ஏதோ ஒரு பிடியைத் தட்டினார். "இழுத்தா கிட்ட வரும். தள்ளினா தூரப் போகும். உங்க கைக்கு எப்படி வேணுமோ அப்படி வச்சுக்கலாம்." வட்டம் வழுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது. சத்தம்கூட இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் "என்னம்மா?" என்றாள். "ஒன்னும் இல்ல" என்றேன். இந்த ஒரு தட்டில் முடிந்த வேலைக்கு அவளுடைய அப்பாவும் நானும் ஒரு மழைக்காலம் முழுவதும் மாரடித்தோம் என்பதை அந்த மனிதர் முன்னால் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

புதுக் காருக்குள் ஒரு வாசனை இருக்குமே, அதை எல்லாரும் மூச்சை இழுத்து ரசிப்பார்கள். அவள் அப்பாவும் நானும் பூட்டிய காரின் வாசனை அப்படி ரசிக்கக்கூடியது இல்லை. கண்ணாடி நாரையும் பிசினையும் குழைத்துச் செய்த உடம்பு அது. மழை நாளில் ஷெட்டுக்குள் நுழைந்தால், பழுத்த பலாச்சுளையை மண்ணெண்ணெயில் நனைத்து வைத்த மாதிரி இருக்கும். அந்த வாசனை என் வீட்டுக்காரர் சட்டையில் ஏறி, சட்டையிலிருந்து தலையணையில் ஏறி, கடைசியில் சோற்றில்கூட இருப்பதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நான் மட்டும் என்ன, மல்லிகையா? தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சலித்துப் பிரிக்கும் பகுதியில் எனக்கு வேலை. என் தலைமுடியைக் கொதிதண்ணீரில் போட்டால் நாலு பேருக்குத் தேநீர் ஊற்றலாம் என்பார் அவர்.

அவர் பெயர் ஆரோக்கியம். அதே தொழிற்சாலையில் லோரி ஓட்டினார். ஓட்டாத நேரத்தில் அதன் அடியில் படுத்து ரிப்பேர் பார்த்தார். ரிங்லெட் என்கிற மலை ஊரிலிருந்து உள்ளே போகிற எஸ்டேட். மலைச்சரிவில் தொழிலாளர் வரிசை வீடுகளாக லயம், அதற்குக் கீழே தொழிற்சாலை, மேலே ஒரு சின்ன மாதா கோயில். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிது. அவர் நல்ல உயரம். லயத்து வீட்டு வாசற்படியில் குனியாமல் நுழைந்து இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. நான் அவர் தோளுக்கும் எட்ட மாட்டேன். கல்யாணப் படம் எடுத்த போட்டோக்காரர் என்னை ஒரு சோடாப் பெட்டியின் மேல் ஏற்றித்தான் எடுத்தார். படத்தைப் பெரிது பண்ணிச் சுவரில் மாட்டியபோது, புடவைக்குக் கீழே பெட்டியின் ஓரமும் பெரிதாகத் தெரிந்தது.

அந்தக் கார் எங்களுக்கு வந்தது சின்னத் துரையால். உதவி மேனேஜரை அப்படித்தான் அப்போதும் கூப்பிடுவோம். ஆள் என்னவோ பினாங்குத் தமிழர்தான். உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்கிற கார் ஒன்று உண்டு என்று எங்கேயோ படித்து வரவழைத்திருந்தார். இரும்புச் சட்டம், இரண்டு பேர் உட்காருகிற அளவுக்குப் படகு மாதிரி ஒரு உடம்பு, நகராத இரண்டு இருக்கைகள். பிரித்து வைத்ததோடு சரி, ஜோகூருக்கு மாற்றல் வந்துவிட்டது. "ஆரோக்கியம், நீயே வச்சுக்க லா. ஓடுச்சுன்னா சொல்லு, ஒரு நாள் வந்து உக்காந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை.

ரிங்லெட் பட்டறை ஒன்றின் பின்னால், விபத்தில் நசுங்கிய சின்னக் கார் ஒன்று புல் முளைத்துக் கிடந்தது. அந்தப் பட்டறைக்காரரிடம் சினேகம் பிடித்து, அதன் இஞ்சின், சக்கரம், கியர், ஸ்டேரிங் எல்லாவற்றையும் கழற்றி வந்தார். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பழைய லோரி ஷெட்டில் வேலை நடந்தது.

"இதுக்கு நம்பர் பிளேட்டே தர மாட்டாங்க. எங்க ஓட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

"எஸ்டேட் ரோடு இருக்குல்ல? கோயிலுக்குப் போலாம். அணை தெரியுற மேடு வரைக்கும் போலாம். அதுக்கு மேல உனக்கு எங்க போகணும்?"

நியாயமான கேள்விதான். அதற்கு மேல் நான் எங்கேயும் போனதில்லை.

இஞ்சின் உட்கார்ந்தது, சக்கரம் மாட்டியாயிற்று. ஸ்டேரிங்கில்தான் சிக்கல் வந்தது. வட்டத்திலிருந்து முன்சக்கரங்கள் வரைக்கும் ஒரு இரும்புத் தண்டு போகிறது. அதைச் சுற்றி உறை மாதிரி ஒரு குழாய். நசுங்கிய காரில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவார்கள். இதில் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி உட்கார வேண்டும். அந்தத் தண்டை அப்படியே மாட்டினால் வட்டம் தாடையில் வந்து இடிக்கும். ஆகவே தண்டையும் குழாயையும் வெட்டிக் குறைக்க வேண்டும். அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து, கையை நீட்டி மடக்கிப் பார்த்து, தமக்குத் தோதான இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டு வைத்தார். அடுத்த வாரம் வெட்டலாம் என்று இருந்தார்.

அந்த வாரம்தான் அவர் விழுந்தார். காலை வேலை நேரம். நான் சலிக்கிற பகுதியில் இருந்தேன். கூட வேலை செய்த பெண் ஓடிவந்து, "அக்கா, அண்ணன் லோரிகிட்ட விழுந்துட்டாரு" என்றாள். போய்ப் பார்த்தபோது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. கண் திறந்திருந்தது, அதில் நான் தெரியவில்லை. எஸ்டேட் மருந்தகத்து டிரெஸ்சர் வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, "ஒன்னும் பண்ணாதீங்க, அடங்கட்டும்" என்றார். அடங்கிய பிறகு அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "லோரி பிரேக் போட்டிருக்கா?"

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வலிப்பு என்றார். மாத்திரை எழுதினார். "லோரி, மோட்டார், எதுவும் ஓட்டக்கூடாது" என்றார்.

"எத்தன நாளைக்கு டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"நாள் கணக்கு சொல்ல முடியாதுங்க. மாத்திரைக்கு உடம்பு எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும்."

மேனேஜர் நல்லவர். வேலையை விட்டு அனுப்பவில்லை. தொழிற்சாலைப் பட்டறையோடு இருக்கச் சொன்னார். வேறொருவர் இவருடைய லோரியை ஓட்டினார். அந்த லோரி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டால் இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கவனிப்பார். கியர் மாற்றுவது பிசகினால் முகம் சுருங்கும். ஷெட் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கார் மேல் கான்வாசைப் போட்டு மூடியதோடு சரி. பேச்சும் குறைந்தது. வீட்டில் பலாச்சுளை வாசனை போய்விட்டது. அதற்காக எத்தனை நாள் அலுத்துக்கொண்டிருக்கிறேன். போன பிறகு தலையணையை முகர்ந்து பார்த்தேன்.

எப்படி அந்தத் தைரியம் வந்ததென்று இன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து இறங்கி வரும்போது, "ஷெட்டுல கிடக்குற அந்தக் காடிய முடிங்க. நான் ஓட்டுறேன்" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். "நீ தையல் மெஷின் மிதிச்சாலே ஊசி ஒடியுது."

"மெஷின்ல பிரேக் இல்ல. காடியில இருக்குல்ல."

மறுநாள் வேலை முடிந்து வந்தவரைக் காணோம். போய்ப் பார்த்தால் ஷெட்டில் கான்வாஸ் கீழே கிடக்கிறது. "விளக்கமாத்துக் கட்டை ஒன்னும், சோத்துப் பானை மூடியும் எடுத்துட்டு வா" என்றார்.

மூடிதான் ஸ்டேரிங் வட்டம், கட்டைதான் தண்டு. என்னை இருக்கையில் உட்கார வைத்தார். மிதிகள் எட்டவில்லை, அவற்றின் மேல் மரக்கட்டை வைத்துக் கட்டினார். பிறகு மூடியை என் முன்னால் பிடித்துக்கொண்டு, தள்ளியும் இழுத்தும், சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார். "கண்ண மூடிக்க. எட்டிப் பிடிக்காத. தோள் சீட்ட விட்டு வரக்கூடாது. கொண்டை ஊசி வளைவு வருதுன்னு நெனச்சுக்க, திருப்பு." நான் கண்ணை மூடிக்கொண்டு பானை மூடியைத் திருப்பினேன். சோற்று வாசனை வந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் என் முழங்கையையும் மணிக்கட்டையும், ஒரு கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி, அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி அதுவரைக்கும் யாரும் என் கையை அப்படிப் பார்த்ததில்லை.

தண்டில் என் அளவைக் குறித்தார். அவருடைய அரக்கீறலுக்கும் என்னுடைய குறிக்கும் நான்கு விரல் அகலம் வித்தியாசம். என் கை குட்டை என்பதால் எனக்குத் தண்டு நீளமாக வேண்டும்.

"உங்க அளவுக்கே வெட்டுங்க. நான் முதுகுக்குத் தலகாணி வச்சுக்கறேன்" என்றேன். "நாளைக்கு உங்களுக்குச் சரியாயிட்டா நீங்கதானே ஓட்டப் போறீங்க?"

"தலகாணி நழுவும் புள்ள. இந்த மலையில நழுவுற சாமான நம்பி உன்ன உக்கார வைக்க மாட்டேன்." கொஞ்ச நேரம் தண்டைத் தடவிக்கொண்டிருந்தார். "உனக்கு வெட்டுனா மிச்சம் இருக்கும். எனக்கு வேணும்னா அப்புறம் அந்த நாலு விரல வெட்டிக்கலாம். மொதல்ல எனக்கு வெட்டிட்டா, உனக்குன்னு நீட்ட முடியாது."

சொல்லிவிட்டு ஒரு தடவை தாமே ஏறி உட்கார்ந்து பார்த்தார். பானை மூடியை என் அளவில் நான் பிடித்தேன். அவருடைய முழங்கால் அதற்கு அடியில் நுழையவே இல்லை. பக்கவாட்டில் ஒரு மாதிரி கழன்று இறங்கி, "சரி, வெட்டிரலாம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் மூடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

தண்டின் அடி முனையில் பல் பல்லாக வெட்டியிருக்கும். அதுதான் கீழே இருக்கிற இணைப்பில் பூட்டிக்கொள்வது. முனையை வெட்டினால் பல்லும் போய்விடும். நடுவில் வெட்டி எடுத்துவிட்டு இரண்டு துண்டையும் வெல்டிங் பிடித்தால் போதுமென்று லயத்தில் ஒருவர் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒட்டின தண்டு இறக்கத்தில் விட்டுப் போனால் கையில் வெறும் வட்டம்தான் இருக்கும் என்றார். ஈப்போவில் ஒரு சீனர் கடைசல் கடை வைத்திருந்தார். அவர் வெட்டிய முனையில் புதிதாகப் பல் போட்டுத் தருவார். இவரைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப எனக்குப் பயம். நானும் போனேன். தண்டை என் பழைய கைலியில் சுற்றி, இரண்டு பேர் மடியிலுமாகக் குறுக்கே வைத்துக்கொண்டோம். மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் வளைவு வளைவான இறக்கம். அவர் தூங்கிவிட்டார், மாத்திரை அப்படி. தண்டு உருளாமல் நான் பிடித்துக்கொண்டேன். பக்கத்து இருக்கை அம்மாள் கைலியைப் பார்த்து, "புள்ள தூங்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஆமாங்க" என்றேன். விளக்கம் சொல்ல முடியுமா?

வந்த பிறகு குழாயையும் அதே அளவுக்குக் குறைத்தார். வெட்டிய விளிம்பில் விரலை வைத்தால் அறுக்கும். அதை வழவழப்பாகும் வரை அரத்தால் ராவினார். தண்டு குழாய்க்குள் ஆடாமல் சுற்ற வேண்டும் என்பதற்காக உள்ளே நைலான் வளையம் செருகினார். திருப்பிப் பார்த்தால் இறுக்கம். மறுபடி கழற்றி, கொஞ்சம் தேய்த்து, மறுபடி பூட்டி. கடைசியில் ஒரு நாள் என்னை ஏற்றி உட்கார வைத்துவிட்டு முன்னால் போய் நின்றார்.

"வலது பக்கம் திருப்பு."

திருப்பினேன்.

"வலது பக்கம் புள்ள."

"வலது பக்கம்தான் திருப்புறேன்."

"சோத்தாங்கை எதுன்னு தெரியாதா உனக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "இந்தக் கையாலதானே உங்களுக்குச் சோறு போடுறேன்." மறுபடி வலது பக்கம் திருப்பினேன். அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். எழுந்து என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை குனிந்தார். பிறகு மண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுபடி இழுக்கப் போகிறதோ என்று பதறி இறங்கி ஓடினால், ஆள் சிரித்துக்கொண்டிருக்கிறார். சத்தமே வராமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். "தப்பு உன் மேல இல்ல. கீழ சக்கரத்தத் திருப்புற பெட்டியத் தலைகீழா மாட்டிட்டேன். நீ வலது திருப்புனா அது இடது போகுது." விழுந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நான் என் கோபத்தை முடிக்கவே இல்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

எல்லாம் சரி பண்ணிய பிறகு மேல்பூச்சு வேலை என்னுடையது. குழாய் வெறும் இரும்பாக, அசிங்கமாகத் தெரிந்தது. கறுப்பு ரெக்சின் வாங்கி உறை தைத்தேன். மெஷினில் ஊசி ஒடிந்தது; நான் அவர் பக்கமே பார்க்கவில்லை. மிச்சத்தைக் கையால் தைத்தேன். தையல் கோணல். அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி மாட்டி, "இனி யாரு குனிஞ்சு பாக்கப் போறா" என்றார். தண்டு இஞ்சின் பக்கம் நுழைகிற ஓட்டையில் மழைத்தண்ணீர் வராமல் இருக்க, லோரி டியூபை வெட்டி ஒரு மூடு செய்து இறுக்கினார்.

தொழிற்சாலைக்குப் பின்னால் அவர் சொல்லச் சொல்ல ஓட்டிப் பழகிய பிறகு, முதல் தடவை கோயிலுக்குப் போனபோது லயமே வாசலில் நின்றது. நான் ஓட்டுகிறேன், ஆறடி ஆள் இடது பக்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "யக்கா, அண்ணன எங்க கடத்திக்கிட்டுப் போற?" என்று கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தி கத்தினாள். அவருக்கு வெட்கம். கோயில் வரும் வரை நேரே பார்த்துக்கொண்டே வந்தார். திரும்பும்போது அவரே அவளுக்குக் கை காட்டினார்.

அப்படிப் பல மாதம் ஓட்டினேன். வலிப்பு வரவில்லை; போய்விட்டதென்றே நினைத்துவிட்டோம். ஒரு பிற்பகல் அணை தெரிகிற மேட்டிலிருந்து இறங்கி வருகிறோம். தூறல், கொஞ்சம் பனிமூட்டம். ஏதோ பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் உடம்பு முழுக்க என் பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் பள்ளம். இடது முழங்கையால் அவர் நெஞ்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். வலது கை ஒன்றுதான் ஸ்டேரிங்கில் இருந்தது. எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் என்னால் முடிந்திருக்காது. தோள் சீட்டை விட்டு வரவில்லை. காரை இடது பக்கத்து மண்மேட்டோடு உரசவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே நிறுத்தினேன். தேயிலைச் செடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. அவரை ஒருக்களித்துச் சாய்த்துப் பிடித்தபடி, அடங்கும் வரை மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கெஞ்சினேனா, திட்டினேனா என்று தெரியாது. அடங்கியதும் மருந்தகத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

அன்று சாயங்காலம் நினைவு தெளிந்து, "எங்க வந்துச்சு?" என்று கேட்டார். "அந்த இறக்கத்துல." கூரையைப் பார்த்தபடியே அடுத்ததைக் கேட்டார். "ஸ்டேரிங் இறுக்கிச்சா?"

"இல்லங்க. கைக்குள்ளதான் இருந்துச்சு."

அவர் என் கையை எடுத்துத் தம் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிப் போனார்.

மாத்திரையை மாற்றினார்கள். அது ஒத்துக்கொண்டது. மகள் பிறந்தாள், நடுவில் அவளை உட்கார வைத்துக்கொண்டு மூன்று பேராகப் போனோம். இன்னும் சில வருஷம் கழித்து டாக்டரம்மா, இனிமேல் நீங்கள் ஓட்டலாம் என்றே சொல்லிவிட்டார். அன்றைக்கு நான்தான் அவரைவிடக் குதித்தேன். "அந்த நாலு விரல வெட்டிருங்க" என்றேன். "வெட்டலாம், வெட்டலாம்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். லோரியை மறுபடி ஓட்டத் தொடங்கினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இடது பக்கம் போய் ஏறிக்கொள்வார். விடாமல் கேட்டபோது ஒரு நாள் சொன்னார்: "ஓட்டுற ஆளுக்கு ரோடு மட்டும்தான் புள்ள தெரியும். இந்தப் பக்கம் உக்காந்த பொறகுதான் நான் மலையவே பாக்குறேன். உன்னையும் பாத்துக்கிட்டு வர்றேன்ல?"

பிறகு நான் கேட்கவில்லை.

மகளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்ததும் மலையை விட்டு இறங்கினோம். அந்தக் கார் பெரிய ரோட்டில் ஏறக்கூடாது; ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஷெட்டைப் பிரித்தபோது பழைய இரும்பு எடுக்கிறவர்கள் லோரியில் ஏற்றிப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அவரும் போய்விட்டார். வலிப்பால் இல்லை, இதயம். ஒரு காலையில், தூக்கத்திலேயே.

அவர் நினைவுக்குப் பூசை வைத்த பிறகு மகளை அழைத்துக்கொண்டு ஒரு முறை எஸ்டேட்டுக்குப் போனேன். கோயில் பூட்டியிருந்தது, திறக்க ஆள் கீழே டவுனிலிருந்து வர வேண்டுமாம். எங்கள் லயத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். பழைய ஆட்களில் பலர் பிள்ளைகளோடு கீழே இறங்கிவிட்டார்கள், சிலர் உயிரோடு இல்லை. பெயர் சொல்லி விசாரிக்க ஒரு முகமும் அகப்படவில்லை. அணை தெரிகிற மேட்டுக்குப் போகிற வழியை மறித்து, சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூடாரம் போட்டுத் தக்காளி வைத்திருந்தார்கள். வெயிலில் மலை முழுக்க வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது.

கூடாரத்திலிருந்து ஒருவன் வந்து, மலாயில், "யாரைத் தேடுறீங்க, மக்சிக்?" என்று, பெரியம்மா என்பது போல மரியாதையாகத்தான் கேட்டான்.

"யாரும் இல்ல, தம்பி. இங்க ஒரு ரோடு இருந்துச்சு" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.

அவன் திரும்பிப் பார்த்தான். வெள்ளைக் கூடாரங்களைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினான். "இங்க ரோடு எதுவும் இல்லையே" என்றான்.